முப்பத்தேழு புள்ளி ஆறு

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்கால். ரோவெல் ரோடு வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் எங்கள் வீடு. பதினான்கு மாத மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் கன்னம் பட்ட இடம் கழுத்தில் சுட்டது. தெர்மாமீட்டரை இடது காதில் வைத்தேன்: 37.7. வலது காதில் 37.3. மனசு கேட்காமல் இடது காதிலேயே இன்னொரு தடவை: 37.6. பத்து நிமிடத்துக்குள் ஒரே பிள்ளைக்கு மூன்று எண்கள்.

அந்த நேரம் பார்த்துக் கும்பகோணத்திலிருந்து அம்மா அழைத்தார்.

"நெத்தியத் தொட்டுப் பாத்தியாடி? கணகணன்னு இருக்கா?"

"லேசாத்தாம்மா. முப்பத்தேழு புள்ளி ஆறு காட்டுது."

"அது என்ன கணக்கோ எனக்குப் புரியல. நூறத் தாண்டிச்சா இல்லியா, அதச் சொல்லு."

அம்மா கேட்டது சரியான கேள்வி. 37.6 டிகிரி செல்சியஸ் என்பது ஃபாரன்ஹீட்டில் 99.7. நூறைத் தாண்டவில்லை. ஊர் வழக்கில் அதைக் காய்ச்சல் என்றே யாரும் சொல்வதில்லை, "உடம்பு கொஞ்சம் கதகதன்னு இருக்கு" என்பதோடு விட்டுவிடுவார்கள். நானோ சிங்கப்பூரில் இருக்கிறேன். திங்கட்கிழமை காலை பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் வாசலில் இதே எண்ணைக் காட்டினால் ஆசிரியையின் முகம் மாறும். இந்த அத்தியாயம் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா அப்பாக்களுக்காக.

முதலில் இரண்டு கணக்கையும் ஒட்டவைத்துவிடுவோம். 37 என்றால் 98.6. 37.5 என்றால் 99.5. 38 என்றால் 100.4. 39 என்றால் 102.2. 40 என்றால் 104. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். ஊரிலிருந்து பாட்டி அழைக்கும்போதும், ஊரில் வாங்கிய தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்டில் காட்டும்போதும் பதறாமல் பேசலாம். மருத்துவர்கள் காய்ச்சல் என்று பொதுவாக எடுத்துக்கொள்வது 38-ஐயும் அதற்கு மேலும்தான். அம்மாவின் நூறும் மருத்துவரின் முப்பத்தெட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் கோடு போடுகின்றன.

வாசலில் கேட்கப்படும் எண்

அப்படியானால் வாசலில் நம்மைத் தடுக்கும் 37.5 என்ற எண் நம் மனசில் எப்படி இவ்வளவு ஆழமாகப் பதிந்தது? இந்த ஊரின் வரலாறுதான் காரணம். 2003இல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட டான் டொக் செங் மருத்துவமனை நம் சிராங்கூன் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். மார்ச் இறுதியில் பள்ளிகளை மூடினார்கள். ஏப்ரலில் படிப்படியாகத் திறந்த பிறகு மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்து, தினமும் இரண்டு தடவை பார்த்து எழுதச் சொன்னார்கள். அன்று வகுப்பில் வரிசையாக உட்கார்ந்து வாயில் தெர்மாமீட்டரோடு காத்திருந்த பிள்ளைகள்தான் இன்றைக்குப் பெற்றோர். 2020இல் கொவிட் வந்ததும் ஒவ்வொரு கட்டட வாசலிலும் நெற்றிக்கு நேரே ஒரு கருவி நீண்டது. உடம்புச் சூட்டை எண்ணாகச் சொல்லும் பழக்கம் நமக்கு அப்படித்தான் வந்தது.

அந்தப் பழக்கம் உயிர்களைக் காத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவரை உள்ளே விடலாமா? கூட்டத்தில் ஒருவர்கூடத் தப்பிவிடக்கூடாது என்று கோட்டைத் தாழ்த்தியே போடுவார்கள். வீட்டில் உங்களுக்கு இருக்கும் கேள்வி வேறு: இந்தப் பிள்ளைக்கு ஆபத்தா? அதற்கு விடை சொல்ல வாசலுக்குப் போட்ட எண் போதாது.

37 என்பதே கல்லில் வெட்டிய எண் இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் வுண்டர்லிக் சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் பார்த்த சூட்டை வைத்து 1868இல் வெளியிட்ட நூல்தான் அதை உலகத்துக்குப் பரப்பியது. அமெரிக்காவில் 1992இல் ஆரோக்கியமான 148 பெரியவர்களைப் பார்த்தபோது சராசரி 36.8 என்று வந்தது. நோய் எதுவும் இல்லாத அவர்களிடமே மேல் எல்லை 37.7 வரை போனது. விடியற்காலையில் உடம்பு மிகக் குளிர்ந்திருக்கும், மாலை நான்கு முதல் ஆறு மணிவாக்கில் உச்சத்துக்கு வரும். இரண்டுக்கும் இடையில் அரை டிகிரி வித்தியாசம் சாதாரணம், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். சிறு பிள்ளைகளின் உடம்பு நம்முடையதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சூடாக இருக்கும். ஓடி விளையாடிய ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு மாலையில் 37.6 காட்டினால், அது அந்தப் பிள்ளையின் அன்றாடமாகவே இருக்கலாம்.

மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைக்கு வேறு சட்டம்

இதற்கு மேல் நான் சொல்லப்போகிற எல்லாமே மூன்று மாதம் கடந்த பிள்ளைகளுக்குத்தான். அதற்குள் இருக்கும் பச்சைப் பிள்ளைக்கு 38 காட்டினால் யோசிக்கவே வேண்டாம். சிரித்தாலும் சரி, நன்றாகப் பால் குடித்தாலும் சரி, மணி இரவு இரண்டானாலும் சரி, மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் மருந்தை நீங்களாகக் கொடுத்துவிட்டு "இறங்குகிறதா பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். அந்த வயதில் இரத்தத்திலோ சிறுநீரிலோ மூளையைச் சுற்றிய சவ்விலோ கிருமி புகுந்திருந்தாலும் வெளியே தெரியும் ஒரே அடையாளம் அந்தச் சூடாக இருக்கலாம். பெரிய பிள்ளையைப் போல நோயைக் காட்டிக்கொள்ள அதற்குத் தெரியாது.

துணியைச் சுற்றி இறுக்கிப் படுக்கவைத்திருந்தால் அவிழ்த்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். இரண்டாவது தடவை குறைந்திருந்தாலும், முதலில் 38 காட்டியதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். இன்னொன்றையும் பலர் அறியவில்லை. பிறந்த குழந்தையின் உடம்பு 36க்குக் கீழே இறங்கிச் சில்லென்று இருந்து, போர்த்தி அணைத்தும் சூடு ஏறவில்லை என்றால் அதுவும் அதே அளவு அவசரம்.

இரண்டாம் மாதத்தில் 6-இன்-1 தடுப்பூசி போட்ட அன்று இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் உடம்பு சூடாவது வழக்கம். "சூடு வந்தால் மருந்து கொடுக்கலாமா, எவ்வளவு, எப்போது உங்களை அழைக்க வேண்டும்" என்று ஊசி போட்ட இடத்திலேயே கேட்டு எழுதிக்கொண்டு கிளம்புங்கள். 12ஆம் மாதம் போடும் தட்டம்மை ஊசியின் சூடு உடனே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தலைகாட்டும். அதற்குள் ஊசி போட்டதே மறந்துபோயிருக்கும்.

எப்படிப் பார்த்தீர்கள்?

அன்றிரவு எனக்கு வந்த மூன்று எண்களுக்குக் காரணம் என் கைதான். இடது காதை என் தோளில் அழுத்திப் படுத்திருந்தவளுக்கு அந்தக் காது சூடேறியிருந்தது. வலது காதில் கருவியைச் சரியாக நுழைக்கவில்லை. காதுக்குள் பார்க்கும் கருவிக்குச் செவிப்பறை நேராகத் தெரிய வேண்டும். ஒரு வயது வரை காது மடலை நேர் பின்னாலும், அதற்கு மேல் கொஞ்சம் மேலே தூக்கிப் பின்னாலும் இழுத்துப் பிடித்தால்தான் உள்வழி நிமிரும். குறும்பி அடைத்திருந்தால் எண் குறையும். ஆறு மாதத்துக்குக் கீழே காது வழி மிகக் குறுகல், அந்தக் கருவியை நம்ப முடியாது.

அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் மலிவானது, எந்த வயதுக்கும் பொருந்தும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அக்குளில் எப்போதும் ஈரம் இருக்கும், முதலில் துடையுங்கள். நுனி தோலோடு ஒட்டி அக்குளின் குழியில் இருக்க வேண்டும், சட்டைத் துணி இடையில் சிக்கக் கூடாது. பீப் சத்தம் வரும்வரை பிள்ளையின் கையை உடம்போடு அணைத்துப் பிடித்திருங்கள். அக்குளில் வரும் எண் உள்ளுடம்பின் சூட்டைவிட அரை டிகிரி வாக்கில் குறைந்திருக்கும். அதனால் அங்கே 37.5க்கு மேல் காட்டினால் அரை மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவி வியர்வைக்கும் குளிர்சாதனக் காற்றுக்கும் ஏமாந்துபோகும். எதைப் பயன்படுத்தினாலும் நோய் தீரும்வரை ஒரே கருவி, ஒரே இடம். காதில் ஒரு தடவையும் அக்குளில் ஒரு தடவையும் பார்த்து "ஏறுகிறது, இறங்குகிறது" என்று கணக்குப் போட்டால் நாம்தான் குழம்புவோம்.

அந்த எண் பிள்ளையின் உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து ஏறியதா என்பதையும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவைச் சுற்றி நடந்து பாருங்கள். பஃபலோ ரோட்டில் காய்கறிப் பெட்டிகளுக்கு இடையில் தள்ளுவண்டிகள் நகரக்கூட இடமிருக்காது. மழை வந்துவிடுமோ என்று பிளாஸ்டிக் உறையை மூடியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பிள்ளையின் கன்னம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, உறையின் உட்பக்கம் ஆவி படிந்திருக்கும். அந்தப் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்ததும் தெர்மாமீட்டரை வைத்தால் 37.8 கூடக் காட்டலாம். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டிய கையோடும், அழுது ஓய்ந்த கையோடும், சூடாகப் பால் குடித்த கையோடும் அப்படித்தான். உறையை அகற்றி, பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டு, காற்றோட்டமாக உட்காரவைத்து அரை மணி நேரம் விடுங்கள். வெளியிலிருந்து ஏறிய சூடு அதற்குள் வடியத் தொடங்கிவிடும்.

அம்மா சொன்ன நெற்றி தொடுவதையும் ஒதுக்கிவிட வேண்டாம். தாயின் கை "சூடில்லை" என்று சொன்னால் பெரும்பாலும் அது சரியாக இருக்கும். "சுடுகிறது" என்று சொல்லும்போதுதான் கை அடிக்கடி தவறுகிறது. ஆகவே கை சந்தேகப்பட்டால் தெர்மாமீட்டரை எடுங்கள். கையும் காலும் சில்லென்று இருக்க வயிறும் முதுகும் மட்டும் கொதித்தால் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கை குளிர்கிறதே என்று இரண்டு போர்வை போர்த்தாதீர்கள்.

எண்ணை வைத்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள்

37.5க்கும் 38க்கும் இடையில் நிற்கும் மூன்று மாதம் கடந்த பிள்ளைக்கு என்ன செய்வது? விளையாடுகிறதா, தண்ணீரோ பாலோ குடிக்கிறதா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா, டயப்பர் நனைகிறதா? நான்குக்கும் ஆம் என்றால் மருந்து வேண்டாம், மருத்துவர் வேண்டாம். மெல்லிய சட்டை, அடிக்கடி குடிக்க ஏதாவது, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளவு பார்ப்பது, அவ்வளவே. தூங்குகிற பிள்ளையை எழுப்பி அளவு பார்க்க வேண்டியதில்லை. மூச்சையும் முகத்தையும் பார்த்தாலே போதும்.

இதை எழுதும்போதே சில தாய்மார்களின் முகம் எனக்குத் தெரிகிறது. "ஒன்றும் செய்யாமல் எப்படி இருப்பது?" செய்வதற்கு ஒன்று இருக்கிறது. விளக்கைப் போட்டு, சட்டையைக் கழற்றி, பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பாருங்கள். வாயைத் திறந்து பாருங்கள். சிங்கப்பூரில் பாலர் வயதில் லேசான சூட்டுக்கு அடிக்கடி காரணமாவது கை, கால், வாய்ப் புண் நோய். 2000ஆம் ஆண்டு அது இங்கே பெரிதாகப் பரவி, பிள்ளைகள் இறந்து, பாலர் நிலையங்களையே மூட நேர்ந்தது. நாக்கிலும் உள் உதட்டிலும் சிறு புண், உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டத்தில் சிவந்த புள்ளியோ கொப்புளமோ தெரிந்தால் எண் 37.4 ஆக இருந்தாலும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள், நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

நம் பிள்ளைகளின் நிறத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். நூல்களில் வரும் "சிவந்த தடிப்பு", "நீலம் பாய்ந்த தோல்" எல்லாம் வெளுத்த தோலைப் பார்த்து எழுதியவை. மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் தடிப்பு சட்டென்று தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணின் கீழ் இமைக்குள், வாயின் உட்புறம், இந்த இடங்களில் தேடுங்கள். நீலம் பாய்கிறதா என்பதை உதட்டிலும் நாக்கிலும் ஈறிலும் பாருங்கள். ஊதா நிறப் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை அதன்மேல் அழுத்துங்கள். அழுத்தியும் மறையாத புள்ளி என்றால் உடனே கிளம்ப வேண்டும்.

எண் என்னவாக இருந்தாலும் கிளம்ப வைக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு இடையில் குழி விழுவது. எழுப்பினாலும் துவண்டு விழுவது. தூக்கினாலும் ஆறாத, வழக்கத்துக்கு மாறான கீச்சென்ற அழுகை. கழுத்தை வளைக்க முடியாமல் விறைப்பது. எட்டு மணி நேரமாக டயப்பர் காய்ந்தே இருப்பது. குடித்ததெல்லாம் வாந்தியாக வருவது. பிறவி இதய நோய், புற்றுநோய் சிகிச்சை, நோய் எதிர்ப்பு குறைந்த உடம்பு என்று ஏற்கெனவே இருக்கும் பிள்ளைக்கு உங்கள் மருத்துவர் சொன்ன எண்தான் எண், இந்த நூலின் எண் இல்லை. அம்மாவின் வயிற்றுக்குள் ஏதோ சரியில்லை என்று பிசைந்துகொண்டே இருந்தால் அதுவும் போதிய காரணம். எந்த நல்ல மருத்துவரும் அதைத் தட்டிக்கழிக்க மாட்டார்.

பல் முளைக்கிற காய்ச்சல் என்ற பேச்சு நம்மிடம் தலைமுறை தலைமுறையாக வருகிறது. பல் முளைக்கும்போது சூடு ஒரு துளி ஏறலாம். 38-ஐத் தாண்டியதை அதன் தலையில் கட்டாதீர்கள், வேறு காரணத்தைத் தேடுங்கள்.

வலிப்பைப் பற்றிய அச்சம் தனி. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவது உண்டு. மருந்தை முன்கூட்டிக் கொடுத்தால் அது வராமல் தடுத்துவிடலாம் என்பது நிரூபிக்கப்படவில்லை. வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மணியைப் பாருங்கள். வாயில் கரண்டி வேண்டாம், கையில் சாவிக்கொத்து வேண்டாம், தண்ணீர் புகட்ட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். முதல் தடவை என்றால் நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துப் புட்டி

இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். காய்ச்சல் மருந்தில் நடக்கும் தவறுகளில் பெரியது, "5 மில்லி கொடு" என்று மில்லிலிட்டரில் பேசுவது.

பாராசிட்டமால் ஒரு வேளைக்குப் பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி, நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. மில்லிகிராமைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் புட்டிக்குப் புட்டி அடர்த்தி மாறும். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப் உண்டு, அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப்பும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் அடங்கியிருக்கும். பத்து கிலோ பிள்ளைக்கு 120 புட்டியில் 5 மில்லி சரியான வேளை. 250 புட்டியில் அதே 5 மில்லி இரண்டு மடங்கைத் தாண்டும். சொட்டு மருந்தில் 5 மில்லி என்றால் 500 மில்லிகிராம், அது பெரியவர் விழுங்கும் ஒரு மாத்திரை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம், பிள்ளைக்கு அங்கே சூடு, மருந்துக்கடையில் ஒரு புட்டி, மீதியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறோம். இங்கே பலதுறை மருந்தகத்தில் இன்னொரு புட்டி, முஸ்தஃபா கடையில் வாங்கிய பனடோல் மூன்றாவது. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒன்று. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, லேபிளில் பாராசிட்டமால் என்ற சொல்லையும் மில்லிகிராம் எண்ணையும் தேடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அகற்றிவிடுங்கள். சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருப்பது உண்டு, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. எடை பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே போய் மருந்தாளரைக் கேளுங்கள்.

மருந்து கொடுப்பது பிள்ளையின் வேதனையைத் தணிக்க. எண்ணை இறக்க என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். 38.5இல் பந்து உருட்டி விளையாடும் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்கலாம். 37.9இல் தலையைப் பிடித்துக்கொண்டு முனகும் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

ஐபுப்ரோஃபென் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். ஆறு மாதத்துக்குக் கீழே கூடாது, டெங்கிச் சந்தேகம் இருந்தால் எந்த வயதிலும் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பாட்டிகளின் கைவைத்தியத்தில் கஞ்சியும் இளஞ்சூட்டு ரசமும் மடியில் போட்டுத் தட்டுவதும் நல்லவை, அவற்றை ஏன் விட வேண்டும்? ஆனால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவதை விட்டுவிடுங்கள். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சிறு பிள்ளைக்கு வலிப்பு வரலாம். கற்பூரமும் மெந்தாலும் சேர்ந்த தைலங்கள் பெரியவர்களோடு இருக்கட்டும். ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் நாக்கில் தேனும் கூடாது. ஐஸ் தண்ணீரில் துடைப்பது உடம்பை நடுங்கவைத்துச் சூட்டைக் கூட்டும்.

இன்று எத்தனையாவது நாள்?

லேசான சூடு இரண்டு நாளில் போய்விட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு சாதாரண வைரஸ் வந்து போனது என்று விட்டுவிடலாம். சளி, இருமல் எதுவுமே இல்லாமல் சூடு மட்டும் இரண்டு நாளுக்கு மேல் நின்றால், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். ஐந்து நாள் தொடர்ந்து காய்ச்சல், கூடவே கண் சிவந்து, உதடு வெடித்து, கைகால் வீங்கினால் கவாசாகி நோயாக இருக்கலாம். ஆசியப் பிள்ளைகளுக்கு அது கூடுதலாக வரும், இதயத்தின் இரத்தக் குழாயைத் தாக்கும். அதனால் ஐந்தாவது நாளைத் தாண்ட விடாதீர்கள்.

டெங்கி இந்த ஊரின் நிரந்தர விருந்தாளி. 2020இல் மட்டும் 35,000 பேருக்கு மேல் வந்தது. உங்கள் புளோக்கின் தரைத்தளத்தில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பதாகை தொங்குகிறதா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் அக்கம்பக்கத்தில் சிலருக்கு, சிவப்பு என்றால் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ. மருத்துவரிடம் போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள். டெங்கியில் ஏமாற்றுவது என்னவென்றால், காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றிலிருந்து ஏழாவது நாளுக்குள் சூடு தணிந்து 37.5க்கு வந்ததும் வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். அப்போது வயிறு வலிக்கிறது என்று சுருண்டாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, ஈறிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ எண் நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

ஜூனிலும் டிசம்பரிலும் ஊருக்குப் போய்வந்த பிள்ளைக்குச் சூடு என்றால், போய் வந்த ஊரையும் தேதியையும் மருத்துவர் கேட்காமலே சொல்லுங்கள். டைபாய்டு திரும்பி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்தும் வரும். மலேரியா அதற்கும் மேல் காத்திருக்கும்.

கேகேவுக்கு ஓடலாமா?

லிட்டில் இந்தியாவில் வீடு என்றால் இந்த ஆசை வரத்தான் செய்யும். எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி, புக்கிட் தீமா ரோட்டில், கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை. பழைய கண்டாங் கெர்பாவ், எருமைக் கொட்டில் என்று பொருள். இந்த வட்டாரத்தில் மாடு வளர்த்த காலத்தின் பெயர். நம்மில் எத்தனை பேர் அங்கே பிறந்தவர்கள்! சிறுவர் அவசரச் சிகிச்சைப் பிரிவு இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும். ஆனால் அங்கே முதலில் வந்தவர் முதலில் என்ற கணக்கு இல்லை, நிலை மோசமான பிள்ளைதான் முதலில். 37.8இல் சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளை மணிக்கணக்கில் காத்திருக்கும், பக்கத்து நாற்காலியில் இருமும் பிள்ளையின் கிருமியையும் வாங்கிவரும். மேலே சொன்ன அறிகுறிகளோ மூன்று மாதத்துக்குள்ளான வயதோ இருந்தால் ஓடுங்கள், கூச்சமே வேண்டாம். மற்றபடி காலையில் புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கோ பலதுறை மருந்தகமோ போதும். ஞாயிற்றுக்கிழமை பலதுறை மருந்தகம் கிடையாது என்பதைச் சனிக்கிழமையே நினைவில் வையுங்கள்.

காலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு மணிக்கு ஒரு வேளை சிரப் கொடுத்துப் பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஏழு வயதுக்குட்பட்ட குடிமகப் பிள்ளை இருந்தால் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் சம்பள விடுப்பு. பிள்ளைக்குக் குடியுரிமை இல்லையென்றால் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் இரண்டே நாள். பாலர் நிலையத்தில் முதல் ஆண்டு மாதம் ஒரு தடவை சளி பிடிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆறு நாளை எப்படிப் பங்கிடுவது? ஆனாலும் அந்தச் சிரப்பின் வேலை நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மதியம் தொலைபேசி வரும், அதற்குள் பிள்ளை தவித்திருக்கும், கூட விளையாடியவர்களுக்கும் ஒட்டியிருக்கும். அப்பாவும் அம்மாவும் தத்தம் விடுப்பை ஆண்டின் தொடக்கத்திலேயே மாற்றிமாற்றிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் எந்த எண்ணில் திருப்பி அனுப்புவார்கள் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள், இடத்துக்கு இடம் அது மாறும்.

வீட்டில் பணிப்பெண்ணோ மாமியாரோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அவர்கள் படிக்கும் மொழியில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். மணி, எண், எங்கே பார்த்தது, என்ன குடித்தது, டயப்பர், மருந்து எத்தனை மில்லிகிராம். வாயால் சொல்லிவிட்டுப் போனால் ஒரே மருந்தை இரண்டு பேர் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கினாள். நோட்டில் எழுதினேன்: "9.45, இடது காது, 37.6. விளையாடினாள். மருந்து இல்லை." சனிக்கிழமை மதியம் 38.9. சிணுங்கினாள், மருந்து கொடுத்தேன். ஞாயிறு முழுதும் ஏறி இறங்கியது. முதல் இரவே மருந்து கொடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். திங்கட்கிழமை கிளினிக்கில் மருத்துவர் நோட்டை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். "இன்னிக்குக் காலைல?" "36.9, டாக்டர்." அவளுடைய சட்டையைத் தூக்கி, சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். நெஞ்சிலும் முதுகிலும் வேர்க்குருவைப் போல மெல்லிய புள்ளிகள். காலையில் குளிப்பாட்டும்போது நான் கவனிக்கவேயில்லை. "ரோசியோலா," என்றார், "காய்ச்சல் போனப்புறம்தான் இது தெரியும். போயிடுச்சு." மருந்துச் சீட்டு எதுவும் எழுதவில்லை. வெளியே வந்ததும் அம்மாவை அழைத்தேன். "தொண்ணூத்தெட்டரைக்குக் கீழம்மா," என்றேன்.